பதிவு எண் 4172

புத்தகம் படிக்கிறவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ உயர்வாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார். நான் முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், எங்கள் வாசகர் மன்றத்தின் நூலகம் இருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், ஐந்து மேசைகள், இரண்டு ஏர்கான். இரண்டில் ஒன்றுதான் ஓடும். எது என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். நூலகர், உதவியாளர், தூசி தட்டுகிறவர் மூவரும் நானே. பெயர் அமுதவள்ளி. கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போகிறேன். போகும்போது ஒரு புத்தகம், வரும்போது ஒரு புத்தகம். பெட்டி முழுக்கக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நான் பக்கம் திருப்பினால், ஏதோ சமையல் செய்வதைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒருவர் எப்படிப்பட்ட வாசகர் என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேசவே வேண்டாம். அவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைப் பிரித்தால் போதும். பக்க அடையாளத்துக்கு வைக்க வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததுபோல் என்னென்னவோ வைப்பார்கள். கறிவேப்பிலைக் காம்பு, கொண்டை ஊசி, ஆஸ்பத்திரி அட்டை, ஒருமுறை ஒரு முழு அப்பளம். அப்பளம் உடையாமல் வந்தது. அந்த ஆள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? இன்னொருவர் ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதி வைப்பார். யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிடிக்க மாட்டேன், ஏனென்றால் அவர் எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அது பொய்தான்.

தவணை தாண்டுகிறவர்களை மட்டும் நான் விட்டதில்லை. பதினான்கு நாள் என்றால் பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் காலை என் கையெழுத்தோடு நினைவூட்டுக் கடிதம் தபாலில் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். கடிதம் என்றால் வீட்டில் நாலு பேர் கண்ணில் படும், மானம் போகும். என் கணவர் கார்த்திகேசுவுக்கே ஒன்று அனுப்பியிருக்கிறேன். தபால்காரரிடமிருந்து நானே வாங்கி அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் புத்தகம் வந்துவிட்டது.

இப்படி விதி விதி என்று ஊரை மேய்த்துக்கொண்டிருந்த என்னை, போன நவம்பரில், நான் எழுதிய விதியே பிடித்துக்கொண்டது.

அதற்குப் பத்து வருடம் முன்னால் எங்கள் மன்றத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். தன் மணிவிழா மலரை அறுபது பிரதி கொண்டுவந்து, அறுபதையும் அலமாரியில் வைக்கச் சொன்னார். முடியாது என்று அவரிடம் நேரே சொல்ல எனக்கு அப்போது துணிச்சல் இல்லை. அதனால் ஒரு விதி எழுதினேன்: பத்து ஆண்டுகளாக யாரும் இரவல் வாங்காத நூல்கள் நீக்கப்பட்டு, பழைய காகித லோரியில் ஏற்றப்படும். நீக்கப்பட்ட நூலை ஊழியர் எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று கீழே ஓர் உட்பிரிவும் சேர்த்தேன். செயற்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. நானும் மெத்தப் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பத்து வருடம் போன நவம்பரில் முடிந்தது. எங்கள் செயலாளர் ஞானசம்பந்தம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணினியிலிருந்து பட்டியலை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். நூற்று முப்பத்தெட்டுப் புத்தகங்கள். மலரின் பிரதிகள் அதில் இல்லை. அவற்றைத் தலைவரே முன்னமே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிசம்பர் முதல் சனிக்கிழமை லோரி வரும் என்றார் ஞானசம்பந்தம். அதற்குள் யாராவது எடுத்தால் அந்தப் புத்தகம் தப்பும், இல்லாவிட்டால் ஏற்றிவிட வேண்டியதுதான். என்னுடைய தொலைநோக்கையும் பாராட்டினார்.

பட்டியலில் தொண்ணூற்றோராவது வரி: பதிவு எண் 4172. 'லோரிக்குப் பின்னால் நிலா', நாவல், ஆசிரியர் கிள்ளான் தேன்மொழி.

கிள்ளான் தேன்மொழி நான்தான்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. முந்நூறு பிரதி அச்சடித்தோம். ஐம்பது விற்றது, முப்பது கொடுத்தது, மிச்சம் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்து, இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிப் போனது. எனக்குத் தெரிந்து உலகத்தில் மிஞ்சியிருப்பது நூலகத்தில் இருக்கும் அந்த ஒரே பிரதி. அதன் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித் தாளில் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

எழுதியது நான் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மரியாதைக்காக எடுத்துக்கொண்டு போவார்கள், பதினான்கு நாள் அலமாரி மேல் வைத்திருந்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா" என்று அப்பளம் உடையாமல் திருப்பிக் கொடுப்பார்கள். எத்தனையோ எழுத்தாளர்களுக்கு என் மேசை முன்னாலேயே அது நடந்திருக்கிறது. எனக்கு அது வேண்டாம். யாரோ ஒருவர், நான் யார் என்று தெரியாமல், தானாக எடுத்துப் படிக்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை. கார்த்திகேசு கூட முழுசாகப் படித்ததில்லை. அவர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். நாவலில் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு துறைமுகக் கிளார்க் வருகிறான், முன்வழுக்கையோடு. அங்கே நிறுத்தியவர்தான்.

இனி யார் எடுக்கப் போகிறார்கள், ஒரு முத்திரையை நானே குத்திவிடலாமா என்று ஒரு நாள் மத்தியானம் யோசித்தேன். முத்திரையைக் கையில் எடுத்துத் தேதியைக்கூடத் திருப்பிவிட்டேன். பிறகு அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பதிவில் ஒரு பொய் கிடையாது. அதற்கு மேல் எனக்கு என்று இருப்பதும் ஒன்றும் கிடையாது.

அதனால் வாசகர்களின் கையில் திணிக்க ஆரம்பித்தேன். கீழே மாலை கட்டும் இராஜம்மா அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இதில் கோழிக் குழம்பு செய்முறை உண்டா என்று கேட்டாள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும் ஒரு பெண் இதை யாராவது வாசித்து ஒலியாகப் போட்டிருக்கிறார்களா என்றாள். மூன்றாவதாக லோகனிடம் கொடுத்தேன்.

லோகன் டாக்சி ஓட்டுகிறவர். வீடு பூச்சோங்கில். மத்தியானம் சவாரி இல்லாத நேரத்தில் மேலே வந்து ஏர்கானுக்கு நேர்கீழே உட்கார்ந்து, பத்திரிகையை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு தூங்குவார். உறுப்பினர்கூட இல்லை. நூலகத்தை மூன்று வருடமாக இப்படிப் பயன்படுத்துகிற ஒரு மனிதர் ஒரு நாவலைக்கூடத் தொட்டதில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன்.

"இதெல்லாம் நமக்கு செட் ஆவாது லா அக்கா," என்றார். சொல்லிக்கொண்டே புத்தகத்தின் முதுகைப் பார்த்தார். அதில் என் கையால் நான் எழுதி ஒட்டிய வெள்ளைச் சீட்டு: 4172. கண்ணைச் சுருக்கினார். கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு இலக்க எண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் குலுக்கல் நடக்கிற நாடு இது. கார் மோதினால் அடிபட்டவனைப் பார்ப்பதற்கு முன் காரின் எண்ணைப் பார்க்கிறவர்கள் உண்டு. கனவில் செத்துப்போன சித்தப்பா வந்தால், அவர் என்ன சொன்னார் என்று கேட்க மாட்டார்கள், எந்த வீட்டு எண்ணில் நின்றார் என்று கேட்பார்கள். என் நூலகத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் நான்கு இலக்க எண்கள் இத்தனை வருடமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தன. அதை எவரும் கவனிக்காமல் இருந்ததுதான் அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலில் 4172 விழுந்தது.

முதல் பரிசெல்லாம் இல்லை. ஆறுதல் பரிசு. ஆனால் செவ்வாய்க்கிழமை லோகன் மாடி ஏறி வந்த வேகத்தைப் பார்த்தால் துறைமுகத்தையே எழுதி வாங்கியவர் போல் இருந்தது. இராஜம்மாவிடம் ஒரு மல்லிகை மாலை வாங்கி வந்திருந்தார். எனக்கு என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் நாவல் அலமாரி முன்னால் நின்று, 4172-ஐ வெளியே இழுத்து, அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டார்.

ஈரம் பட்டால் காகிதம் வீணாகிவிடும் என்று நான் கத்தினேன். என் புத்தகத்துக்குக் கிடைத்த முதல் மாலை அது என்பதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்றும் தெரியவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது. நான் பேசி முடித்துத் திரும்பியபோது மாலை மட்டும் மேசையில் கிடந்தது, லோகன் போய்விட்டிருந்தார். மறுபடி அந்த அலமாரிப் பக்கம் போக எனக்கு மனமில்லை. முதுகைப் பார்த்துக் கும்பிட்ட மனிதர் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு நிறையவே இருந்தது.

புதன்கிழமை காலை நான் வரும்போது படிக்கட்டில் ஆள் நின்றது. முப்பத்தோரு வருடத்தில் முதல்முறை. இராஜம்மாதான் முன்னால் நின்றாள். எல்லோருக்கும் புத்தகம் வேண்டும். அலமாரியில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை.

"நாங்க எடுக்கக் கூடாதுக்கா," என்றாள் இராஜம்மா. "நீங்க எடுத்துக் குடுக்கணும். லோகனுக்கு அப்படித்தானே வந்துச்சு? கேட்டு வாங்குன நம்பர் அடிக்காது, தானா வரணும்."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். இது நூலகமா, நம்பர் கடையா என்று கேட்டுத் துரத்திவிட வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு மேசையைப் பார்த்தேன். அங்கே ஞானசம்பந்தத்தின் பட்டியல் கிடந்தது.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு மிகவும் மரியாதையாக, அப்படியே ஆகட்டும், ஆனால் இரண்டு நிபந்தனை என்றேன். முறையாக உறுப்பினராகி இரவல் வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது புத்தகத்திலிருந்து நான் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொன்னால்தான் அடுத்த புத்தகம். படிக்காத புத்தகத்தின் எண் பழுக்காது என்று நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன். பாவம்தான். ஒரு பொய்கூட இல்லாத என் பதிவைப் பற்றிக் கொஞ்சம் முன்னால் பெருமை பேசியவள் நான். அது பதிவில் எழுதியதில்லை, வாயால் சொன்னது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பட்டியலை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இராஜம்மாவுக்கு 'ரப்பர் மரத்தைத் தாக்கும் நோய்கள்', முதல் பாகம். வங்கிக் காவலாளி ஒருவருக்கு மகப்பேறு காலக் கவனிப்பு. சிகை அலங்காரக் கடைப் பெண்ணுக்குத் தேர் செய்யும் முறை. ஒருவர்கூடத் தலைப்பைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், போனார்கள். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கார்த்திகேசு, நான் இப்போது நம்பர் ஏஜென்ட் ஆகிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஓர் எண்ணும் விழவில்லை. அதோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் இராஜம்மாவின் எண் 2086, விழுந்தது 2068. இது போதாதா? வழி சரிதான், கால் மட்டும் கொஞ்சம் தடுக்கிவிட்டது என்று அவளே எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். படிக்கட்டில் வரிசை கீழ்த்தளம் வரை நீண்டது.

அதற்குள் இன்னொன்றும் நடக்க ஆரம்பித்திருந்தது. கேள்விக்குப் பயந்து படித்தவர்கள் நிஜமாகவே படித்திருந்தார்கள். வங்கிக் காவலாளி தன் மகளுக்கு இரும்புச் சத்து போதவில்லை என்று கண்டுபிடித்து டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தார். சிகை அலங்காரக் கடைப் பெண் தேரின் அச்சைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். கேட்ட கேள்வி ஒரு நிமிடத்துக்கானது. இராஜம்மாவோ, மாலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் வேர் அழுகல் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே பிரித்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். முதுகில் இருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட இல்லை.

ஞானசம்பந்தத்துக்கு நம்பர் விஷயம் தெரியாது. இரவல் கணக்கு ஏறுவதைக் கணினியில் பார்த்துவிட்டு, தான் மாடிப்படியில் ஒட்டிய 'வாசிப்போம் உயர்வோம்' சுவரொட்டியின் பலன் இது என்று ஆண்டறிக்கையில் எழுதினார். நானும் ஆமாம் என்றேன்.

டிசம்பர் முதல் வாரம் பிறந்தபோது பட்டியலில் நூற்று முப்பத்தேழு வரிகளை அடித்திருந்தேன். ஒரே ஒரு வரி மிச்சம்.

அதைத் தள்ளிவிட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இராஜம்மாவிடம் நல்ல நாவல் ஒன்று இருக்கிறது, 4172 தரட்டுமா என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது அடிச்ச நம்பர்க்கா. காலி. இனி அதுல ஒண்ணும் இல்ல," என்றாள். வங்கிக் காவலாளியும் அதையே சொன்னார். சிகை அலங்காரக் கடைப் பெண், முடிந்துபோன எண்ணை வீட்டுக்குக் கொண்டு போனால் அடுத்த எண்ணும் வராது என்று கையையே பின்னால் கட்டிக்கொண்டாள். நூற்று முப்பத்தேழு புத்தகங்களுக்கு வழி திறந்துவிட்ட என் புத்தகத்தை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி முறையிடுவது?

சனிக்கிழமை பத்து மணிக்கு லோரி வந்தது. மூன்று டன் லோரி. எங்கள் சந்தில் நிறுத்த இடமில்லாததால் இரண்டு கார்களை மறித்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் நின்றது. ஞானசம்பந்தம் பட்டியலோடு மேலே வந்தார். அடித்த கோடுகளைப் பார்த்து மலர்ந்து, கடைசியில் ஒரு வரியில் நின்றார்.

"ஒண்ணுதான் இருக்கு, மிஸஸ் கார்த்திகேசு," என்றார். "எடுத்துட்டு வந்துடுங்க. லோரிக்காரர் வெயிட் பண்றார்."

ஒரு புத்தகத்துக்கு ஒரு லோரியா சார் என்று கேட்டேன். விதி என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் நீங்கள் எழுதியது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் லோரியை மணிக்கணக்கில்கூட நிற்க வைத்திருப்பேன்.

நாவல் அலமாரிக்கு நடந்தேன். பத்தடி தூரம்தான். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே புத்தகத்தை என் கையாலேயே எடுத்துப் பழைய காகிதத்தில் போடப் போகிறேன். 4171 இருந்தது. 4173 இருந்தது. நடுவில் ஒரு விரல் அகல இடைவெளி. அதில் ஒரு காய்ந்த மல்லிகைப் பூ கிடந்தது.

அலமாரி முழுக்கத் தேடினேன். கீழ்த்தட்டில், பின்பக்கத்தில், மேசைக்கு அடியில். இல்லை. யாரோ திருடிவிட்டார்கள்.

ஒரு நூலகராக என் ரத்தம் கொதித்தது. என் காவலில் இருந்த புத்தகம் போய்விட்டது, அதுவும் பதிவு இல்லாமல். அதே நேரத்தில் கிள்ளான் தேன்மொழி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இலவசமாகக் கொடுத்தும் யாரும் வாங்காத புத்தகத்தை ஒருவர் திருடியிருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். லோகன். கீழே யாருடைய லோரி, என் காரை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்குளில் 4172.

அன்றைக்கு மாலை போட்ட கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதிர்ஷ்டப் புத்தகம் என்று காரின் முன்பக்கம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். ஞானசம்பந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இது இரவல் இல்லை, திருட்டு, பதிவில் இல்லாததால் விதிப்படி இது இன்னும் யாரும் எடுக்காத நூல்தான், லோரியில் ஏற்ற வேண்டும் என்றார்.

லோகன் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக என் மேசைக்கு வந்து புத்தகத்தைப் பொத்தென்று போட்டார்.

"அக்கா, இத எழுதுன ஆள் உயிரோட இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டேன். சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் ஒரு நாள் மழையில் இரண்டு மணி நேரம் சவாரி இல்லாமல் நின்றபோது, செய்ய ஒன்றுமில்லாமல் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். பிரித்தது பிரித்ததுதான். ஒரு சவாரியை ஏற்றாமல் விட்டேன் என்றார், நாலாம் அத்தியாயத்துக்காக.

"தெலுக் பங்லிமா காராங்லருந்து கிள்ளானுக்கு பதினஞ்சு நிமிஷமா அக்கா? லோடு லோரி! நான் டாக்சிக்கு முன்ன பதினோரு வருஷம் லோரி ஓட்டுனவன். அந்த ரோட்ல பறந்து வந்தாலும் முக்கா மணி. எழுதுனவங்க லோரில ஏறுனதே இல்ல."

ஏறியதில்லை. அந்தக் காலத்தில் காலையில் எங்கள் தெரு வழியாக ஒரு லோரி போகும், நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். எனக்கும் லோரிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். நான் இழுப்பறையிலிருந்து வாசகர் கருத்துகளைக் குறிக்கும் நோட்டை எடுத்து, 'பதினைந்து நிமிடம் தவறு' என்று எழுதிக்கொண்டேன். சொல்லுங்க லோகன், எழுதி அவங்களுக்கு அனுப்பறேன் என்றேன்.

லோகன் சொன்னார். நிறையச் சொன்னார். லோரியில் நிலவைப் பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கிற இடம் சரி, அது அப்படித்தான் தெரியும் என்றார். அந்த இடத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டாராம். கதாநாயகி வாணியின் அப்பா பேசுவது அப்படியே தன் மாமனார் பேசுவது மாதிரி இருக்கிறதாம், எரிச்சலாக வந்ததாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே கோபமாகக் கேட்டார்.

"வாணி ஏன்க்கா அந்த கிளார்க்க கட்டிக்கிட்டா? லோரிக்காரன் ஜீவன் ஆறு வருஷம் காத்திருந்தான். அந்த கிளார்க்கு என்ன பண்ணான்? ஒரு நாள் குடை புடிச்சான். அவ்வளவுதானே? ரெண்டு தடவ படிச்சிட்டேன், எனக்கு மனசு ஆறல."

இருபத்தெட்டு வருடம் நான் காத்திருந்த கேள்வி அது. என் அம்மாகூடக் கேட்காத கேள்வி. எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"அன்னிக்கு மழை பெஞ்சுச்சு இல்ல, லோகன்," என்றேன்.

அவர் அதை யோசித்தார். தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை. மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார். நான் புத்தகத்தின் மேல் கையை வைத்து, உறுப்பினர் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

ஞானசம்பந்தம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமையாசிரியராக இருந்தவருக்கு இரண்டு தடவை படித்த மாணவனைப் பார்த்தால் தெரியாமல் போகுமா? கீழே இருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. லோரி இன்னும் போகவில்லை, அதனால் காலக்கெடு இன்னும் முடியவில்லை என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டு, லோரிக்காரருக்குப் பதில் சொல்லக் கீழே இறங்கிப் போனார். ஒரு காகிதம்கூட ஏற்றாமல் அந்த லோரி திரும்பிப் போனது.

பின்னட்டையைத் திறந்து தேதித் தாளை மேசையில் நேராக வைத்தேன். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினேன். என் முத்திரைகள் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். புது உறுப்பினர்களுக்குக் காட்டுவதற்காகவே சில தாள்களை வைத்திருக்கிறேன். இது கோணலாக விழுந்தது. பாதி கட்டத்துக்கு வெளியே. அழிக்கத் தோன்றவில்லை. இன்னும் பத்து வருடத்துக்கு அந்தப் புத்தகத்தை எந்த லோரியும் தொட முடியாது.

பதினான்கு நாள் கழித்து லோகன் வந்தார், கையை வீசிக்கொண்டு. புத்தகத்தை இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். கிளார்க் செய்தது சரியா தப்பா என்று இருவருக்கும் வாக்குவாதமாம். இராஜம்மாவிடம் கேட்டேன். காலி எண்ணைத் தொட மாட்டேன் என்றாயே என்றேன். காலி எண் என்பதால்தான் நிம்மதியாகக் கதையைப் படிக்க முடிகிறது என்றாள். அவள் கிளார்க் கட்சி. படித்து முடித்து, கிள்ளானில் இருக்கும் தன் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டாள். நாத்தனார் யாரிடம் கொடுத்தாள் என்று சரியாகத் தெரியவில்லை. போன வாரம் கொமுட்டரில், எனக்கு நாலு இருக்கை தள்ளி, ஒரு பெண் கையில் வெள்ளைச் சீட்டு ஒட்டிய ஒரு முதுகைப் பார்த்தேன். கூட்டத்தில் எண் தெரியவில்லை. எட்டிப் பார்த்ததில் நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டுவிட்டேன். கார்த்திகேசு ஸ்டேஷனில் குடையோடு அரை மணி நேரம் காத்திருந்தார்.

இன்றோடு தவணை தாண்டி ஐந்து வாரம். பூச்சோங் முகவரிக்கு லோகன் பெயரில் நினைவூட்டுக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி, என் கைப்பையில் வைத்திருக்கிறேன். தபால் பெட்டி மாலைக்கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் சாயங்காலம் அதைக் கடந்துதான் ரயிலுக்குப் போகிறேன்.